ஒரு புள்ளிக்கு ஐந்து நிமிஷம்

கூட்டம் கூடினால் கல் எறியும்; சித்திரம் எழுதாது என்பது வெகு காலமாக என்னுடைய அபிப்பிராயம். கதை எழுதுகிறவனுக்கு இது மிகவும் சௌகரியமான அபிப்பிராயமுங்கூட. தன் மேஜை, தன் பேனா, அட்டையில் தன் பெயர் என்ற மூன்றையும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கு இதைவிட நல்ல நியாயம் கிடைக்காது. இந்த அபிப்பிராயத்தை என் தமக்கை மகன் ஒரு நாள் சாயங்காலம் ஆட்டங்காண வைத்துவிட்டான். அதற்கு அவனுக்கு வேண்டியிருந்தது சில நிமிஷங்கள் ஓடும் ஒரு படந்தான்.

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க. ஒண்ணும் கேக்காம பாருங்க" என்று கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி வைத்தான்.

திரையில் ஒரு வெள்ளைச் சதுரம். சர்க்கரையை எறும்பு மொய்ப்பதுபோல அதை வண்ணப் புள்ளிகள் மொய்க்கத் தொடங்கின. ஒரு மூலையில் நீலம் தேங்கிற்று. நடுவில் ஏதேதோ கிறுக்கல்கள் தோன்றி மறைந்தன. வானவில் ஒன்று ரஸ்தாவைப்போல வளைந்து வளைந்து ஓடிற்று. தேசக் கொடிகள் முளைத்தன; அகலமாயின; ஒன்றை ஒன்று தின்றன. மைக்கூடு கவிழ்ந்தாற்போல் ஒரு கறுப்பு பரவி, வழியில் கண்டதையெல்லாம் விழுங்கிற்று. என்னடா இது கண்றாவி என்று நான் முகத்தைத் திருப்பப்போன சமயத்தில், ஓரிடத்தில் மோனா லிசா வந்து உட்கார்ந்துவிட்டாள். இன்னோரிடத்தில் வான் கோ எழுதிய நட்சத்திர இரவு. கட்டம் கட்டமாக, சற்றுக் கரடுமுரடாகத்தான் இருந்தன. ஆனால் அவையேதான், சந்தேகமில்லை.

"யார் வரைஞ்சது?" என்று கேட்டேன்.

"பத்து லட்சம் பேர்."

"யார் தலைமை?"

"யாருமில்லை, மாமா."

நான் நம்பவில்லை. நம்பாத தோஷத்தினால் விசாரிக்கப் புகுந்தேன். விசாரித்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ரெடிட் என்று ஓர் இணையத் திண்ணை இருக்கிறது. 2005-ல் தொடங்கியது. ஊர்த் திண்ணையில் சீட்டாடுகிற கோஷ்டி, அரசியல் பேசுகிற கோஷ்டி, ஜாதகம் பார்க்கிற கோஷ்டி என்று தனித்தனியே உட்கார்ந்திருக்குமே, அதுபோல அங்கே ஆயிரக்கணக்கான மன்றங்கள். ஏப்ரல் முதல் தேதி வந்தால் அந்த ஸ்தாபனத்தார் ஏதாவது ஒரு விளையாட்டு வைப்பது வழக்கம். 2017-ஆம் வருஷத்து விளையாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பிளேஸ்'. இடம் என்று அர்த்தம்.

விளையாட்டின் விதிகளை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். ஆயிரத்துக்கு ஆயிரம், ஆக 10 லட்சம் கட்டங்கள் கொண்ட ஒரு வெள்ளைப் பலகை. பதினாறு வர்ணங்கள். ரெடிட்டில் ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் எவரும் வந்து, ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரு வர்ணத்தை வைக்கலாம். வைத்த பிறகு அடுத்த புள்ளிக்குக் குறைந்தது ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். சில சமயம் இருபது நிமிஷம். ஒருவர் வைத்ததன் மேல் இன்னொருவர் வைக்கலாம். எந்தக் கட்டமும் யாருக்கும் சொந்தமில்லை. என்ன வரைய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தனியாக ஏதோ செய்யலாம், சேர்ந்தால் அதற்கு மேலும் ஏதோ செய்யலாம் என்கிற மாதிரி ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. 72 மணி நேரம் பலகையைத் திறந்து வைத்தார்கள்.

நான் கணக்கில் சூரன் அல்லன். ஆனாலும் காகிதத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு மனிதன் தூங்காமல், குளிக்காமல், மணிக்குப் பன்னிரண்டு புள்ளி வீதம் 72 மணி நேரமும் வைத்துக்கொண்டே இருந்தாலும் 864 புள்ளிகள்தான் ஆகின்றன. முப்பதுக்கு முப்பது கட்டத்தில் ஒரு பூனைக்குட்டி வரையக்கூடப் போதாது. அப்படியே வரைந்தாலும், அவன் வாலுக்கு வருவதற்குள் வேறொருவன் தலையை எடுத்திருப்பான். தனி மனிதனை இவ்வளவு சுத்தமாக நிராயுதபாணியாக்கிய விளையாட்டு வேறு ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

இதே ஆயிரத்துக்கு ஆயிரம் பலகை பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் ஒரு தடவை வந்து போயிருக்கிறது. அலெக்ஸ் டியூ என்று ஒரு பையன், வயது இருபத்தொன்று. கல்லூரிச் செலவுக்குப் பணம் வேண்டும். 2005 ஆகஸ்டில் ஓர் இணையப் பக்கம் திறந்து, அதிலுள்ள 10 லட்சம் புள்ளிகளையும் புள்ளி ஒன்று ஒரு டாலர் என்று விற்பனைக்குப் போட்டான். பத்துக்குப் பத்துக் கட்டமாக, 100 டாலருக்குக் குறையாமல் வாங்க வேண்டும். வாங்கியவர் தம் வியாபார முத்திரையைப் பதித்துக்கொள்ளலாம். பைத்தியக்கார யோசனை என்றுதான் யாருக்கும் தோன்றும். நாலைந்து மாதத்தில் எல்லாம் விற்றுப்போயிற்று! கடைசி ஆயிரம் புள்ளிகளை 2006 ஜனவரியில் ஏலம் விட்டு அதற்கு மட்டும் 38,100 டாலர் வாங்கினான். மொத்த வசூல் 10,37,100 டாலர்.

அந்தப் பக்கத்தை நான் பார்த்தேன். சந்தைக்கடைச் சுவரில் நோட்டீஸ்மேல் நோட்டீஸ் ஒட்டினாற்போல் இருக்கிறது. அழிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆகவே ஒன்றோடொன்று பேச வேண்டிய அவசியமும் எதற்கும் இல்லை. பட்டா வாங்கினவன் அவனவன் மனைக்கு வேலி போட்டுக்கொண்டு போய்விட்டான். போனவர்களில் பலர் கடையையே மூடிவிட்டார்கள். அவர்களுடைய முத்திரை மட்டும் இன்னும் அங்கே இருக்கிறது, தட்டினால் கதவு திறப்பதில்லை.

ரெடிட்டின் பலகையில் பட்டா இல்லை. அதை யோசித்துச் செய்தவர் ஜாஷ் வார்டில் என்கிற வேல்ஸ் தேசத்துக்காரர். இந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். 2015 ஏப்ரலில் இவர் ஒரு பொத்தானை வைத்தார். அறுபது விநாடியிலிருந்து கீழே இறங்கும் ஒரு கடிகாரம். யாராவது பொத்தானை அழுத்தினால் மறுபடி அறுபதிலிருந்து தொடங்கும். ஒருவர் தம் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் அழுத்தலாம். அவ்வளவுதான் விளையாட்டு. சுமார் 10 லட்சம் பேர் அழுத்தி, ஜூன் 5 வரை அந்தக் கடிகாரத்தைச் சாகவிடாமல் காப்பாற்றினார்கள். பிறகு 2017-ல் இந்தப் பலகை. பிறகு 2021-ல், ரெடிட்டை விட்டு வந்தபின், ஐந்து எழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் 'வேர்டில்' என்ற புதிரை வெளியிட்டார். அதுவும் நாளைக்கு ஒன்றுதான். ஒன்று முடித்தால் மறுநாள் வரை சும்மா இருக்க வேண்டும். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. மற்றவர்களெல்லாம் ஜனங்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்துத் திகட்ட வைக்கிற காலத்தில், கிள்ளிக் கொடுத்துவிட்டுக் காத்திரு என்று சொல்லத் தெரிந்த மனிதர்.

பலகைக்கு வருகிறேன். முதலில் வந்து சேர்ந்தது, எதிர்பார்க்க வேண்டியதுதான், ஆபாசக் கிறுக்கல். பொதுக் கட்டடத்தின் சுவரில் கரித்துண்டு என்ன எழுதுமோ அதுதான். அடுத்தபடியாக, ஒரு கோஷ்டி வலது கீழ் மூலையைப் பிடித்துக்கொண்டு நீலமாக அடிக்கத் தொடங்கிற்று. ஏன் நீலம்? காரணமில்லை. சுலபமாகச் சொல்லிக்கொடுக்கலாம், அதுதான் காரணம். 'மூலைக்குப் போ, நீலம் வை' என்றால் குழந்தைக்கும் புரியும். இது போதாதென்று பச்சைக்காரர்கள், சிவப்புக்காரர்கள், வானவில் ரஸ்தாக்காரர்கள். பலகை முழுவதும் இப்படிச் சாயப்பட்டறையாகிவிடும் போலிருந்தது. அந்த மன்றங்களுக்குள்ளேயே, வழியில் இருக்கும் சின்னச் சின்னச் சித்திரங்களை அழித்துக்கொண்டு போகலாமா, சுற்றிக்கொண்டு போகலாமா என்று தர்க்கம் நடந்தது. நல்ல வேளையாகப் பல இடங்களில் சுற்றிக்கொண்டு போகலாம் என்ற கட்சி ஜெயித்தது.

கொடிகளின் கதை வேறு. ஜெர்மனிக் கொடி நீண்டுகொண்டே வந்து பிரெஞ்சுக் கொடியின் மேல் ஏறிவிட்டது. 1870, 1914, 1940 என்று மூன்று தடவை பார்த்த சரித்திரம்! பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் சிரிக்கவில்லை, புள்ளி வைத்தார்கள். இரவும் பகலும் இழுபறி. முடிவில் இரண்டு கொடியும் மோதிக்கொண்ட இடத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீலக் கொடி எழுந்தது. பக்கத்தில் ஒரு வெண்புறாவும் வந்தது. மற்றக் கொடிகளும் எல்லைக்கோடு தகராறு வந்த இடங்களில், பாதி உன் வர்ணம் பாதி என் வர்ணம் என்று சிறு சிறு இதயங்களை வரைந்து சமாதானமாகப் போயின. மெய்யான எல்லையில் நிற்கும் சிப்பாய்களுக்கு இந்த உபாயம் உதவுமா என்று என்னைக் கேட்காதீர்கள். அவர்கள் கையில் இருப்பது வர்ணமல்ல.

கறுப்புக் கோஷ்டியைப் பற்றிச் சொன்னேனல்லவா? அதற்குச் சூனியம் என்று பெயர். ஒரு வேர்போல நீண்டு போய் எதையாவது பிடித்து உறிஞ்சுவது அதன் தொழில். பலகையின் நடுவிலிருந்த அமெரிக்கக் கொடியின் மேலேயே பாய்ந்தது. கொடி கரிந்தது, பிறகு எங்கெங்கிருந்தோ ஆட்கள் திரண்டு வந்து புள்ளி புள்ளியாக மீட்டார்கள். அழித்தால்தானே புதியது பிறக்க இடம் கிடைக்கும் என்று சூனியத்துக்கு வக்காலத்து வாங்கியவர்களும் உண்டு. சங்காரமும் ஒரு தொழில்தான் என்று நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், வாஸ்தவம். ஆனால் அதைச் சொல்ல ஒரு தகுதி வேண்டாமா? வம்புக்கு வந்தவன் பேசுகிற வேதாந்தம் எனக்கு எப்போதுமே ருசிப்பதில்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கறுப்பு நெருங்கி வந்தபோதுதான், அதுவரை முகம் பார்க்காத அக்கம்பக்கத்துச் சித்திரக்காரர்கள் கை கோத்துக்கொண்டார்கள்.

எழுத்தாளன் என்ற முறையில் என்னைப் பொறாமைப்பட வைத்தது ஒன்று. 2005-ல் வெளிவந்த ஒரு 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஒரு கிழவர் பேசும் நீண்ட வசனம். அதை ஆதியோடந்தமாக, எழுத்தெழுத்தாக, ஒரு பத்தியாகவே பலகையில் எழுதிவிட்டார்கள். ஒரு கால் புள்ளி கலைந்தாலும் யாரோ ஓடி வந்து சரி செய்திருக்கிறார்கள். என் கதைகளில் ஒரு வரியை அச்சுப்பிழையில்லாமல் போடச் செய்வதற்கே நான் பட்டிருக்கும் பாடு எனக்குத் தெரியும்.

மூன்று நாள் முடிந்ததும் முன்னறிவிப்பில்லாமல் பலகை நின்றுவிட்டது. 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 60 லட்சம் புள்ளிகள் வைத்திருந்தார்கள். அதாவது சராசரியாக ஒவ்வொரு கட்டமும் பதினாறு தடவை கைமாறியிருக்கிறது. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கிற்று. அங்கே வரைவது சின்ன வேலை. காவல் காப்பதுதான் பெரிய வேலை. மோனா லிசாவை ஒரு தடவை வரைந்துவிட்டுப் போய்ப் படுத்திருந்தால் காலையில் அவள் மூக்கு இருந்திராது. வரைந்த கை எத்தனையோ, அதைப்போலப் பல மடங்கு கைகள் உதிர்ந்த புள்ளியைத் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்திருக்கின்றன. அந்தக் கைகளுக்குச் சித்திரம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும்.

இதையெல்லாம் நான் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த சிநேகிதர் ஒருவர், "நம் வீட்டு வாசல் கோலந்தானே ஐயா இது? புள்ளி வைக்கிறோம், சாயங்காலத்துக்குள் அழிந்துபோகிறது" என்றார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோலம் ஒருத்தி கை, அவள் வாசல், அழிப்பது மாட்டுக் குளம்பும் வெயிலும். எதிர்வீட்டுக்காரி வந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, அவள் புள்ளிமேல் தன் புள்ளியை வைப்பதில்லை. வைத்தால் என்ன நடக்கும் என்பது தெருவில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

ஐந்து வருஷம் கழித்து, 2022 ஏப்ரல் முதல் தேதி, பலகையை மறுபடி திறந்தார்கள். இந்தத் தடவை என் தமக்கை மகனும் அதில் இருந்தான். கல்லூரி விடுதி, பரீட்சை சமயம். எந்தத் தேசத்துக்குப் புள்ளி வைத்தான் என்று நினைக்கிறீர்கள்? கனடாவுக்கு!

"கனடாவுக்கும் நமக்கும் என்னடா சம்பந்தம்?" என்றேன்.

"பாவமா இருந்தது, மாமா" என்றான்.

பாவந்தான். கனடாக் கொடியின் நடுவில் ஒரு மேப்பிள் இலை இருக்கிறது. பதினோரு கூர்முனை. மற்றத் தேசத்தார் பட்டைப் பட்டையாக வர்ணம் அடித்துவிட்டு ஹாய்யாக உட்கார்ந்திருக்க, கனடாக்காரர்கள் இந்த இலையோடு நாள்கணக்காக மல்லுக்கட்டினார்கள். நடு எது என்பதிலேயே தகராறு. ஒருவர் இடப்பக்கம் ஒரு முனை வைத்தால், இன்னொருவர் அது கோணல் என்று நினைத்து வலப்பக்கம் நகர்த்துவார்; மூன்றாமவர் இரண்டையும் அழிப்பார். இடையே விஷமக்காரர்கள் வேறு. இலை ஒரு சமயம் தீய்ந்த தோசைபோல் இருக்கும். ஒரு சமயம் வாழைப்பழமாகவே ஆகிவிட்டது. உலகம் முழுவதும் சிரித்தது. சிரித்தவர்களில் சிலர் என் மருமகனைப்போல இரக்கப்பட்டுத் தங்கள் ஐந்து நிமிஷங்களை அந்த இலைக்குத் தானம் செய்தார்கள். உக்ரேனில் யுத்தம் மூண்டு ஐந்து வாரமே ஆகியிருந்த சமயம் அது. அந்த நீலமும் மஞ்சளும் பலகையில் நீளமாக ஓடி நின்றன. அதன்மேல் கை வைக்கத் துணிந்தவர்களைவிடக் காத்தவர்கள் அதிகம்.

ஆனால் இந்தத் தடவை ஒரு புது ஜாதி ஆசாமிகள் களத்தில் இறங்கியிருந்தார்கள். காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்து தாங்கள் விளையாடுவதையும் பேசுவதையும் நேரடியாக ஒளிபரப்பிப் பணம் பண்ணுகிறவர்கள். ஸ்ட்ரீமர் என்று பெயர். ஒருவர் பின்னால் ஒரே சமயத்தில் லட்சக்கணக்கானவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் 'அதோ அந்த மூலை' என்று விரலைக் காட்டினால் போதும். அவ்வளவு பேரும் ஆளுக்கொரு புள்ளி வைத்தால், முந்நூறு பேர் இரண்டு நாள் கண் விழித்துக் காத்த சித்திரம் ஒரு நிமிஷத்தில் இல்லை. பிரெஞ்சு ஒளிபரப்பாளர்களும் ஸ்பானிய மொழி ஒளிபரப்பாளர்களும் இரவிரவாக மோதிக்கொண்டார்கள். யந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்து, தூங்கும்போதும் புள்ளி வைக்கச் செய்தவர்களும் இருந்தார்கள்.

விதி மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே ஐந்து நிமிஷந்தான். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் 2017-ல் நடந்தது என்ன? புள்ளி வைத்தவன் அடுத்த புள்ளிக்குக் காத்திருக்கும்போது அக்கம்பக்கத்தானோடு பேசினான். அந்தப் பேச்சிலேதான் புறாவும் இதயங்களும் பிறந்தன. லட்சம் பேருக்கு ஒரே வாய் என்று ஆகிவிட்டால், ஐந்து நிமிஷத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. எஜமானின் அடுத்த உத்தரவைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். என் பழைய அபிப்பிராயத்தை முழுவதும் விட்டுவிட வேண்டியதில்லை என்று அப்போது எனக்குப் பட்டது. கொஞ்சம் திருத்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

பலகையை இரண்டு தடவை பெரிதாக்கி, இரண்டாயிரத்துக்கு இரண்டாயிரமாக்கினார்கள். வர்ணங்களை முப்பத்திரண்டாக்கினார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள், சுமார் 16 கோடிப் புள்ளிகள். கடைசியில் யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார்கள். வெள்ளையைத் தவிர மற்ற எல்லா வர்ணங்களையும் எடுத்துவிட்டார்கள். அப்புறம் எவர் எங்கே கை வைத்தாலும் வெள்ளைதான் விழும். கை வைக்காமல் இருந்திருக்கலாம். வைத்தார்கள்! நாலு நாள் காத்தவர்களே தங்கள் கையால் அழித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பலகை பழையபடி வெறுமையாயிற்று.

மூன்றாந்தடவை 2023 ஜூலை 20. அதைப் பற்றி விஸ்தாரமாக எழுத ஒன்றுமில்லை. ரெடிட்டின் தகவல் வாசலைப் பயன்படுத்தும் வெளிச் செயலிகளுக்குக் கட்டணம் விதித்ததால், அதற்கு முந்தின மாதந்தான் ஆயிரக்கணக்கான மன்றங்கள் கதவடைப்புச் செய்திருந்தன. கோபம் ஆறுவதற்குள் கம்பெனி பலகையைக் கொண்டுவந்து வைத்தது. சமாதானத் தாம்பூலம் என்று நினைத்தார்களோ என்னவோ! ஜனங்கள் வந்தார்கள், தலைமை நிர்வாகி ஸ்டீவ் ஹஃப்மனின் பட்டப்பெயரைப் போட்டு, அச்சில் ஏற்ற முடியாத ஒரு வசையை எல்லா மொழிகளிலும், எல்லா அளவுகளிலும் எழுதினார்கள். அப்படி எழுதுவதற்கும் காவல் வேண்டியிருந்தது, காத்தார்கள். அதுவும் வெள்ளையில்தான் முடிந்தது. 2025-ல் இதே ஆட்டத்தை உலகப் படத்தின் மேலேயே வேறு சிலர் தொடங்கியிருக்கிறார்கள். இப்போது அவனவன் தன் ஊர்மேலேயே புள்ளி வைக்கலாம்.

2022-ன் கணக்குப் புத்தகத்தை ரெடிட் பின்னால் வெளியிட்டது. எந்த நேரத்தில், எந்தக் கட்டத்தில், எந்த வர்ணம் என்று ஒரு புள்ளி விடாமல் இருக்கிறது. யார் வைத்தது என்பதை மட்டும் மறைத்து, பெயருக்குப் பதில் அர்த்தமில்லாத நீண்ட எழுத்துச் சங்கிலியைப் போட்டிருக்கிறார்கள். என் மருமகன் அந்தப் புத்தகத்தை இறக்கி வைத்திருந்தான். இலையில் தான் வைத்த இரண்டு புள்ளிகளின் இடமும் ஏறக்குறைய நேரமும் அவனுக்கு நினைவிருந்தன. அவற்றைக் கொண்டு வெகு நேரம் துழாவி, "இதோ மாமா, நான்" என்று ஒரு வரியைக் காட்டினான்.

சிவப்பு. அதற்கு நேர் கீழே, எட்டு விநாடி கழித்து, வேறொரு சங்கிலி: வெள்ளை. அப்புறம் இன்னொன்று: மறுபடி சிவப்பு.

"அந்த ஒரு கட்டத்தை மட்டும் முதலிலிருந்து காட்டு" என்றேன். காட்டினான். பக்கம் பக்கமாக ஓடிற்று. சிவப்பு, வெள்ளை, சிவப்பு, சிவப்பு, ஒரு மஞ்சள், மறுபடி சிவப்பு. ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆள், எந்த ஊரோ. அக்காள் இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். கடைசி வரிக்கு வருவதற்குள் குழம்பு ஆறிப்போய்விட்டது. அந்த வரியில் இருந்தது வெள்ளை.